தொலைக்காட்சிப் பெட்டியும் உங்கள் குழந்தையின் எடையும்



குடும்ப நலம் என்றவுடன் பிள்ளைப்பேறு, தடுப்பூசி, பிள்ளைக்குப் பிள்ளை இடைவெளி, கருத்தடை என்றுதான் நம் எண்ணம் போகும். அது சரிதான். ஆனால் அளவான குடும்பம் என்பதை நம் மாநிலத்து மக்கள் ஏற்றுக்கொண்டு வெகு காலமாகிவிட்டது. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் பிள்ளைகளின் சராசரி 1.8 தான். ஒன்றோ இரண்டோ பெற்ற பிறகு அவர்களை எப்படி வளர்க்கிறோம் என்பது அடுத்த கேள்வி. அதில் ஒரு சங்கதியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். டிவி முன்னால் உட்கார்ந்து, தின்றுகொண்டே பார்த்து, உடம்பு பெருக்கும் பிள்ளையைப் பற்றியது அது.

"அதெல்லாம் பட்டணத்துச் சமாச்சாரங்க, நம்ம ஊர்ப் புள்ளைங்க எலும்பும் தோலுமா இல்ல இருக்கு!" என்று சிலர் சொல்வீர்கள். அதிலும் உண்மை உண்டு. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 5 வயதுக்கு உட்பட்ட 100 குழந்தைகளில் 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை. அதிக எடை உள்ளவர்கள் 100க்கு 4 பேர்தான். ஆனால் அந்தப் பிள்ளைகளின் தாய்மார்களைப் பாருங்கள். 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16ல் 100க்கு 31 பேர். 2019-21ல் 40 பேர். இந்த இரண்டு கணக்குக்கும் இடையில் உள்ள வயதில்தான், அதாவது பள்ளிக்கூடம் போகும் வயதில்தான், எடை ஏறத் தொடங்குகிறது. சென்னையில் 13 முதல் 18 வயதுப் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 2002ல் வெளியிட்ட ஆய்வில், அதிக எடையுள்ளவர்கள் பையன்களில் 100க்கு சுமார் 18, பெண்களில் சுமார் 16. அது நகரத்துக் கணக்கு. ஆனால் நகரத்துத் தீனியும் நகரத்துப் பெட்டியும் இப்போது வாய்க்கால் கரை வரைக்கும் வந்துவிட்டன.

பெட்டி வந்த வழி

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்டு 15ல். அப்புறம் பல வருஷம் வரை நம் ஊர்ப் பக்கம் ஊருக்கு ஒரு பெட்டி, இரண்டு பெட்டி. ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க அடுத்த தெருவுக்கு நடந்து போனார்கள். 1990களில் கேபிள் வந்தது. 2006 செப்டம்பரில் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. அடுத்த சில வருஷங்களில் கீற்று வீடு, ஓட்டு வீடு, மாடி வீடு என்ற வித்தியாசம் இல்லாமல் பெட்டி வந்து சேர்ந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது பாடமே பெட்டி வழியாகவும் போன் வழியாகவும்தான் வந்தது. 2019ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி அந்த நாட்களில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கை கொடுத்தது. ஆகவே பெட்டியைத் தூக்கி ஆற்றில் போடச் சொல்லி நாங்கள் எழுதவில்லை.

ஆனால் இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்துவிட்டது. மாட்டை ஓட்டிக்கொண்டு போகும் வேலை குறைந்தது. மூன்று மைல் நடந்து பள்ளிக்கூடம் போன காலம் போய் வேன் வீட்டு வாசலுக்கு வருகிறது. இவை எல்லாம் நல்லதுக்குத்தான். வெயிலில் நாற்றுக் கட்டைச் சுமந்தவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும். ஆனால் உடம்பு செய்த வேலை குறைந்த அளவுக்குத் தட்டில் விழும் சோறு குறையவில்லை. சோற்றுக்குப் பேர் போன சீமை நம்முடையது. அன்று முப்போகம் உழைத்த உடம்புக்கு வைத்த அளவையே இன்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் வைக்கிறோம்.

பெட்டி முன்னால் என்ன நடக்கிறது?

"உட்கார்ந்தே இருப்பதால் குண்டாகிறது" என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான். உட்கார்ந்து புத்தகம் படிக்கிற பிள்ளையும் உட்கார்ந்துதான் இருக்கிறது. பெட்டி முன்னால் அதற்கு மேலும் மூன்று காரியங்கள் நடக்கின்றன.

முதலாவது, சாப்பாடு. தாய்மார்கள் அடிக்கடி சொல்வது இது: "டிவிய போட்டாத்தாங்க ஒரு வாய் எறங்குது." உண்மைதான், இறங்கும். ஏன் இறங்குகிறது என்று யோசித்தீர்களா? வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்குச் செய்தி போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும். அந்தச் செய்தியைப் பிள்ளை கவனிக்க வேண்டும். கண்ணும் காதும் பொம்மைப் படத்தில் இருக்கும்போது பிள்ளை அதைக் கவனிப்பதில்லை. வாய் தானாகத் திறக்கிறது, நீங்கள் உருண்டையை வைக்கிறீர்கள். "போதும்மா" என்று கையைத் தட்டிவிட வேண்டிய பிள்ளை, தட்டு காலியாகும் வரை வாங்கிக்கொள்கிறது. ஒரு நாள், இரண்டு நாள் என்றால் குற்றமில்லை. இரண்டு வருஷம் இப்படியே ஊட்டினால், தன் பசியும் தன் நிறைவும் தெரியாத பிள்ளையாக அது வளரும். பெரியவனான பிறகு அதைத் திருப்பிச் சொல்லிக்கொடுப்பது கஷ்டம்.

இரண்டாவது, விளம்பரம். அது பிள்ளையைக் குறிவைத்தே எடுக்கப்படுவது. மிட்டாய், பிஸ்கட், வறுவல் பொட்டலம், கலர், "உயரம் வளர" என்று சொல்லும் சர்க்கரைப் பொடி. ஆறு வயதுப் பிள்ளைக்கு எது கதை, எது வியாபாரம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. மறுநாள் காலை பெட்டிக்கடை முன்னால் காலை உதைத்துக்கொண்டு அழும். 50 கிராம் உருளைக்கிழங்கு வறுவலில் சுமார் 270 கலோரி இருக்கிறது. ஏறக்குறைய 200 கிராம் சாதத்தில் உள்ளதும் அவ்வளவுதான். சாதத்தைத் தின்றால் வயிறு நிறையும். வறுவலைத் தின்றுவிட்டு அரை மணியில் "பசிக்குது" என்பான். 200 மில்லி கலர் பாட்டிலில் சுமார் 20 கிராம் சர்க்கரை, அதாவது நாலு தேக்கரண்டி. காப்பியில் அம்மா நாலு கரண்டி சர்க்கரை போட்டால் வீட்டில் சண்டை வரும். பாட்டிலில் யாரோ போட்டுத் தந்தால் யாரும் கேட்பதில்லை!

மூன்றாவது, தூக்கம். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். சீரியல் எல்லாம் முடிந்து பத்தரைக்குப் படுத்து, ஆறு மணிக்கு எழுந்து வேனுக்கு ஓடும் பிள்ளைக்கு ஏழரை மணிதான் கிடைக்கிறது. தூக்கம் குறைந்த உடம்பு பசியைக் கூட்டும், அதுவும் இனிப்பையும் எண்ணெய்ப் பண்டத்தையும் தேடும். வகுப்பில் தூங்கி வழிவது தனி.

இது வெறும் ஊகமில்லை. அமெரிக்காவில் டைட்ஸ், கார்ட்மேக்கர் என்ற இரு ஆய்வாளர்கள், பெட்டி பார்க்கும் நேரம் கூடக் கூடப் பிள்ளைகளிடம் உடற்பருமனும் கூடுவதை 1985லேயே எழுதினார்கள். "குண்டுப் பிள்ளைகள் ஓட முடியாமல் டிவி பார்க்கிறார்களோ என்னவோ" என்று அப்போது மறுத்தவர்களும் உண்டு. அது நியாயமான கேள்விதான். அதற்கு 1999ல் ராபின்சன் என்ற மருத்துவர் விடை தேடினார். கலிபோர்னியாவில் சான் ஹோசே என்ற ஊரில் இரண்டு ஆரம்பப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, ஒன்றில் மட்டும் 3, 4ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டிவி பார்ப்பதைக் குறைக்கப் பழக்கினார். பத்தியம் சொல்லவில்லை, தேகப்பயிற்சி கொடுக்கவில்லை. ஒரு பள்ளி வருஷ முடிவில், குறைத்த பள்ளிப் பிள்ளைகளின் உடம்பு மற்றவர்களைவிடக் குறைவாகவே பெருத்திருந்தது. பெட்டி முன்னால் உட்கார்ந்து அவர்கள் சாப்பிட்ட வேளைகளும் குறைந்திருந்தன. ஓட்டம் சாட்டம் பெரிதாகக் கூடியதாகத் தெரியவில்லை. அதனால்தான் மேலே சாப்பாட்டை முதலில் சொன்னோம்.

"கொழுகொழுன்னு இருந்தா நல்லதுதானே?"

நம் ஊரில் இதுதான் பெரிய தடை. பிள்ளை குண்டாக இருந்தால் வளமான வீடு என்று பெயர். மாமியார், "எம் பேரன் பாரு, ராசா மாதிரி" என்பார். செவிலியர் எடை போட வந்தால், "வேணாம்மா, கண்ணு பட்டுரும்" என்று பிள்ளையை உள்ளே தூக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. பஞ்சத்தையும் வயிற்றுப்போக்கையும் பார்த்த தலைமுறை அது. ஒட்டிய வயிறு என்றால் சாவு என்று அவர்கள் கண்ணால் கண்டது. அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. ஆனால் இன்று சூழ்நிலை வேறு.

நம் பிள்ளைகளின் உடம்பில் ஒரு விசேஷம் இருக்கிறது. புனாவில் டாக்டர் யாக்னிக் என்பவரும் அவருடைய குழுவினரும் அங்கே பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டு 2003ல் வெளியிட்டார்கள். நம் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. அங்கே 3.5 கிலோ. ஆனால் எடை இவ்வளவு குறைந்தும் நம் குழந்தைகளின் உடம்பில் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. குறைந்தது சதைதான். இப்படி மெலிந்து பிறந்த பிள்ளை பின்னால் வேகமாக எடை போட்டால், சர்க்கரை நோய் மற்றவர்களைவிடச் சிறு வயதிலேயே வர வாய்ப்பு உண்டு. "பொறக்கும்போது ரெண்டு கிலோதான், அதான் ஈடு கட்டுறோம்" என்று சர்க்கரையும் நெய்யுமாக ஊட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஈடு கட்ட வேண்டியது தாய்ப்பால், பருப்பு, முட்டை, கீரை.

வேறு என்ன வரும்? இரத்தக்கொதிப்பு, ஈரலில் கொழுப்பு, முழங்கால் வலி, தூக்கத்தில் குறட்டையும் மூச்சுத் திணறலும். பெண் பிள்ளைகள் சீக்கிரம் பெரியவளாவதும், பிறகு மாதவிலக்கு தாறுமாறாவதும், கல்யாணமான பின் பிள்ளை தங்கத் தாமதமாவதும் அதிக எடையோடு சேர்ந்து வருவதை மருத்துவர்கள் காண்கிறார்கள். இன்னொரு அடையாளம் உண்டு. பிள்ளையின் பிடரியிலும் அக்குளிலும் வெல்வெட்டுத் துணி போலக் கருப்பு படரும். "அழுக்கு" என்று பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பிள்ளை அழும். அது அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். தேய்க்காதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

குண்டுப் பிள்ளைக்கு இரத்தசோகை வராது என்றும் எண்ண வேண்டாம். பிஸ்கட்டும் வறுவலும் எடையைக் கூட்டும். இரத்தத்தைக் கூட்டாது.

வீட்டிலேயே ஒரு சோதனை

5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு இதைச் செய்து பாருங்கள். ஒரு நூலை எடுத்து, பிள்ளையைச் சுவரோரம் நிற்கவைத்து, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அளந்து வெட்டுங்கள். அந்த நூலைச் சரி பாதியாக மடியுங்கள். மடித்த நூலைத் தொப்புள் மட்டத்தில் வயிற்றைச் சுற்றிப் பிடியுங்கள். இறுக்க வேண்டாம். இரண்டு நுனியும் வந்து சேர்ந்தால் கவலையில்லை. எட்டாமல் போனால் இடுப்பளவு உயரத்தில் பாதியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அரைஞாண் கயிற்றை வருஷத்துக்கு மூன்று தரம் தளர்த்திக் கட்ட வேண்டியிருந்தால் அப்போதே ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு எடை பார்க்கும் கணக்கைப் பிள்ளைக்குப் போடக் கூடாது. வயதுக்கும் உயரத்துக்கும் தக்க தனி அட்டவணை உண்டு. 5 வயது வரை அங்கன்வாடியில் மாதந்தோறும் எடை போட்டு வளர்ச்சி அட்டையில் குறிக்கிறார்கள். அட்டையில் கோடு கீழே போனால் மட்டும் பயப்படுகிறோம். மேலே செங்குத்தாக ஏறினாலும் கேட்க வேண்டும்.

எவ்வளவு நேரம் பார்க்கலாம்?

உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னது இது: 2 வயது ஆகும் வரை பெட்டியும் வேண்டாம், போனும் வேண்டாம். 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. 5 முதல் 10 வயது வரை 2 மணி நேரத்துக்குள் நிறுத்தச் சொல்கிறார்கள் நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள். பெட்டி, போன் இரண்டும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. 5 வயதுக்கு மேல் தினமும் 1 மணி நேரமாவது மூச்சு வாங்க ஓடி ஆட வேண்டும்.

இதை ஒரே நாளில் செய்ய முடியாது. முதல் வேலையாக ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: சாப்பிடும்போது பெட்டியை அணையுங்கள். முதல் மூன்று நான்கு நாள் பிள்ளை சாப்பிடாமல் அடம் பிடிக்கும். பாட்டி, "பட்டினி போட்டு வதைக்கிறியே" என்பார். பயப்படாதீர்கள். நல்ல உடம்போடு இருக்கிற பிள்ளை ஒரு வேளை குறைத்துத் தின்றால் அடுத்த வேளை கேட்டு வாங்கித் தின்னும். 2 வயதுக்கு மேல் தன் கையாலேயே தின்னட்டும். இறைத்தால் இறைக்கட்டும், கோழி பொறுக்கும். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். பெரியவர்கள் சீரியலைப் பார்த்துக்கொண்டு பிள்ளையை மட்டும் "நீ பார்க்காதே" என்றால் அது நடக்காது. அப்பா ராத்திரி போனை நோண்டிக்கொண்டு சாப்பிட்டாலும் அப்படித்தான்.

தந்தைமார்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. கூலி வாங்கிய நாளில் பிள்ளைக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. பொட்டலத் தீனிக்குப் பதில் கொய்யாவோ, வேர்க்கடலையோ, சோளக்கதிரோ, வெள்ளரிப்பிஞ்சோ கொண்டு வாருங்கள். நம் வயலில் சம்பா அறுப்புக்கு முன் தெளித்து எடுக்கிற உளுந்தும் பயறும் வீட்டில் இருக்கின்றன. அவித்துத் தாளித்த சுண்டலுக்கு எந்தப் பொட்டலமும் ஈடில்லை. கலருக்குப் பதில் மோர். காப்பி பிள்ளைக்கு வேண்டாம்.

விளையாட இடம் எங்கே என்று கேட்பீர்கள். அறுப்பு முடிந்த வயலில் பயறு நிற்கும். அது எடுத்த பிறகு, மேட்டூர்த் தண்ணீர் வந்து குறுவை தொடங்கும் வரை வயல் காலிதான், வெயில் தாழ்ந்து ஆடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் சிக்கல். வீட்டுக்குள் அடைந்து கிடந்து பெட்டியே கதி என்றாகிவிடும். அந்த இரண்டு மாதம் கோயில் மண்டபமோ, பள்ளித் தாழ்வாரமோ, சமுதாயக்கூடமோ திறந்து கிடக்கும்படி ஊர்ப் பெரியவர்களிடமும் பஞ்சாயத்துத் தலைவரிடமும் கேளுங்கள். பாண்டி, பல்லாங்குழி, கயிறு தாண்டுவது எல்லாம் கூரைக்கு அடியில் ஆடக் கூடியவை. பல்லாங்குழி உட்கார்ந்து ஆடுவதுதான், ஆனால் கை தீனியைத் தேடாது! வாய்க்காலில் தண்ணீர் ஓடும் நாட்களில் நீச்சல் தெரிந்த பெரியவர் கூட இல்லாமல் பிள்ளையை இறங்க விடாதீர்கள். நீச்சலைச் சொல்லிக்கொடுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பையன் மட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். பெரியவளான பெண்ணை வாசலுக்கு விடுவதில்லை. அவளுக்கு மிஞ்சுவது பெட்டிதான். சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போகட்டும், பள்ளியில் கபடியும் வளைபந்தும் ஆடட்டும். அதனால் எந்தக் கல்யாணமும் நின்றுபோகாது.

பள்ளியில் கிடைப்பதை விடாதீர்கள்

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டு 25ல் அரசு ஆரம்பப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிவானது. அதைத் தொடங்கி வைத்ததே நம் பக்கத்தில், நாகப்பட்டினம் மாவட்டம் திருக்குவளையில்தான். மதியம் சத்துணவில் முட்டை கிடைக்கிறது. "பள்ளிக்கூடத்துச் சாப்பாடு நம்ம புள்ளைக்கு எதுக்கு" என்று கௌரவம் பார்த்து, கையில் பத்து ரூபாய் கொடுத்து அனுப்பினால் அது எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று 2020ல் மத்திய உணவுப் பாதுகாப்பு விதி வந்தது. கடைக்காரர் நம் ஊர்க்காரர்தான். சண்டை வேண்டாம். கடலை உருண்டையும் அவித்த பட்டாணியும் வைக்கச் சொல்லுங்கள், வாங்கவும் வாங்குங்கள்.

தாய்மார்கள் கேட்கும் சில கேள்விகள்

"ஏற்கெனவே குண்டாயிட்டான். சோத்த நிறுத்திடலாமா?"

கூடாது. வளரும் பிள்ளையைப் பட்டினி போடக் கூடாது. இளைக்க வைக்கும் மாத்திரை, பொடி, கஷாயம் எதுவும் வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு எடை குறைய வேண்டியதில்லை, மேலே ஏறாமல் நின்றால் போதும். உயரம் வளரும்போது உடம்பு தானாகச் சரியாகும். சோற்றை ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் காயையும் கீரையையும் பருப்பையும் வையுங்கள்.

"டிவிய நிறுத்தினா நான் சமைக்கறது எப்படி? ஒத்த ஆளு, வயலுக்கும் போவணும்."

நியாயமான கேள்வி. அதற்காகத்தான் கணவரையும் சேர்த்து இதைப் படிக்கச் சொல்கிறோம். அந்த அரை மணி நேரம் பிள்ளையை அவர் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் வேறு ஆளே இல்லாத நாளில் அரை மணி பெட்டி ஓடினால் குடி முழுகாது. கையில் தீனித் தட்டு மட்டும் வேண்டாம். வெங்காயம் உரிக்க, பயறு பொறுக்கப் பிள்ளையைக் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

"ஊர்ல எல்லாரும் குண்டுன்னு கேலி பண்றாங்க. புள்ள பள்ளிக்கூடம் போவமாட்டேங்குது."

அந்தப் பேரை முதலில் வீட்டில் நிறுத்துங்கள். செல்லமாகச் சொன்னாலும் பிள்ளை மனதில் அது தைக்கும். மனம் நொந்த பிள்ளை மூலையில் உட்கார்ந்து இன்னும் தின்னும், இன்னும் பார்க்கும். எடையைப் பற்றிப் பேச வேண்டியது மருத்துவரிடம். விளையாடப் போகும்போது கூடப் போக வேண்டியது நீங்கள்.

நூல் எட்டவில்லை, பிடரி கறுத்திருக்கிறது, குறட்டையும் மூச்சுத் திணறலும் இருக்கிறது, அல்லது வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சர்க்கரை நோய் இருந்து பிள்ளையும் பெருத்திருக்கிறது என்றால் தாமதிக்க வேண்டாம். உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள், அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவரைப் பாருங்கள். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் பிள்ளைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, அன்று பிள்ளையைத் தவறாமல் அனுப்புங்கள். மேல் பரிசோதனை வேண்டுமானால் அவர்களே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ சீட்டு எழுதி அனுப்புவார்கள். போகும்போது பிள்ளையின் தடுப்பூசி அட்டையையும் வளர்ச்சி அட்டையையும் மறக்காமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அம்மா, அப்பா இரண்டு பேரும் போவது நல்லது.